டெராப்பின் தொட்டிக்கு எந்த வெப்ப விளக்கு? ஹாலோஜனா, செராமிக்கா, வேறு ஏதாவதா?

ஊர்வனவற்றுக்கான வெப்ப விளக்கு என்று தேடினால் வந்து விழுவதில் முக்கால்வாசி குளிர்நாட்டுக்காரர்களின் கவலை. வெளியே பனி கொட்டுகிறது, வீட்டுக்குள் 18 டிகிரி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஓணான். ராத்திரி அது விறைத்துப் போகாமல் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதிலை அப்படியே எடுத்து வந்து சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் மாட்டினால் சரிப்பட்டு வராது. ஓணான், பல்லி, பாம்பு, நட்சத்திர ஆமை எதையும் சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதி கிடையாது. சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஊர்வன இரண்டுதான்: சிவப்புக்காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. முதலாவதைத்தான் இங்கே எல்லாரும் டெராப்பின் என்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியாக வீட்டுக்கு வரும். பெண் ஆமையாக இருந்தால் 25 சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் உயிரோடு இருக்கும். ஆகவே விளக்கு என்பது ஒருமுறை வாங்கி மறந்துவிடுகிற செலவு கிடையாது.

எங்கள் டெராப்பினுக்கு நாலடித் தொட்டி வாங்கியபோது விளக்கையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சிலவற்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன், சிலவற்றை நண்பர்கள் வீட்டில் பார்த்தேன். கடைசியில் மாட்டியது 75 வாட் ஹாலோஜன் ஃபிளட் விளக்கு, அதுதான் இன்றும் எரிகிறது. ஆக, இது ஒரு பக்கம் சாய்ந்த அலசல் என்று தெரிந்தே படியுங்கள்.

முதலில் நம் ஊர்க் கணக்கைப் பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் பகலில் 31, 32 டிகிரி, விடியற்காலையில் 24, 25. வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டும் நாட்களில்தான் அதற்குக் கீழே இறங்கும். 2018 ஜனவரியில் 21, 22 வரை போனது நினைவிருக்கலாம். தொட்டித் தண்ணீர் தானாகவே 27, 28-இல் நிற்கும். வளர்ந்த டெராப்பினுக்கு 24 முதல் 28 வரை போதும் என்பதால் தண்ணீருக்கு ஹீட்டரே தேவையில்லை. நமக்குக் குறைவது வேறொன்று. டெராப்பின் தண்ணீரை விட்டு ஏறி, 32 முதல் 35 டிகிரி வரை சூடான ஓர் இடத்தில் படுத்து, உடம்பின் உள்சூட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். தின்றது செரிப்பதற்கு அந்தச் சூடு வேண்டும். அதோடு ஓடு முழுசாக உலர வேண்டும். காலையில் 90 சதவீதத்தைத் தாண்டும் ஈரப்பதத்தில் எதுவும் தானாக உலராது, துணி காயப்போடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓடு ஈரமாகவே கிடந்தால் பாசி பிடிக்கும், பழைய தகடுகள் உரியாமல் ஒட்டிக்கொள்ளும், அவற்றுக்கு இடுக்கில் அழுகல் தொடங்கும்.

ஆக, இங்கே விளக்கின் வேலை தொட்டியைச் சூடாக்குவது இல்லை. ஏற்கெனவே சூடாக இருக்கும் ஓர் அறைக்குள், ஒரு திட்டின் மேல் மட்டும் கொஞ்சம் வெயில் விழவைப்பது. எந்த விளக்கு நல்லது என்பதை நான் இந்த ஒன்றை வைத்துத்தான் முடிவு செய்தேன்: அதிலிருந்து கிளம்பும் வெப்பம் எங்கே போய்ச் சேர்கிறது? ஆமையின் முதுகிலா, காற்றிலா, தண்ணீரிலா?

இதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். சூடான பொருள் எல்லாமே அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. சூடு ஏற ஏறக் கதிரின் அலைநீளம் குறையும். 700 முதல் 1400 நானோமீட்டர் வரை ஐஆர்-ஏ, அங்கிருந்து 3000 வரை ஐஆர்-பி, அதற்கு மேல் ஐஆர்-சி. தரைக்கு வந்து சேரும் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்புதான், அதிலும் பெரும்பகுதி ஐஆர்-ஏ. 1400-க்கு மேலே உள்ளதில் நிறையவற்றைக் காற்றிலிருக்கும் நீராவியே வழியில் உறிஞ்சிவிடுகிறது. சூரியனிலிருந்து நேராக வரும் ஐஆர்-சி கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். வெயிலில் கிடந்து சூடேறிய பாறையும் தரையும்தான் அதை வெளியிடுகின்றன.

தண்ணீரின் இந்தக் குணம் ஆமையின் உடம்புக்குள்ளும் அப்படியே வேலை செய்கிறது, உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே. ஐஆர்-சி தோலின் மேற்பரப்பிலேயே, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள், தீர்ந்துபோகும். ஐஆர்-ஏ சில மில்லிமீட்டர் உள்ளே இறங்கி, ரத்தம் ஓடும் இடத்தில் சூடாக மாறும். இந்த ஆழக் கணக்கெல்லாம் தோலுக்குச் சொல்வது. கெரட்டின் தகடும் அதற்கடியில் எலும்புமாக இருக்கும் ஓட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் டெராப்பின் (பெண்தான்) வெயில் காயும் விதத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். திட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் கழுத்தை முழுசாக வெளியே நீட்டுவாள். அப்புறம் பின்னங்கால்கள் இரண்டும் பின்னால் நீளும், விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வு விரியும், உள்ளங்கால் விளக்கைப் பார்த்துத் திரும்பும். மஞ்சள் கோடு போட்ட அந்தத் தோல் முழுவதும் வெளிச்சத்தில் இருக்கும். ஓட்டுக்கு மட்டும் சூடு போதும் என்றால் காலை எதற்கு நீட்ட வேண்டும்?

ஹாலோஜன் விளக்கில் டங்ஸ்டன் இழை 2800 கெல்வின் அளவுக்குச் சூடாகிறது. அந்தச் சூட்டில் கதிரின் உச்சம் 1000 நானோமீட்டரை ஒட்டி விழும், அதாவது ஐஆர்-ஏவின் நடுவிலே. செராமிக் ஹீட்டரில் பீங்கானுக்குள் மின்தடைக் கம்பி புதைந்திருக்கிறது. அதன் மேற்பரப்பு 300 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால் உச்சம் 5000 நானோமீட்டர் பக்கம் போய்விடும். அது முழுக்க முழுக்க ஐஆர்-சி. ஒன்று வெயில், இன்னொன்று தோசைக்கல். தோசைக்கல்லுக்கு மேலே கை நீட்டினால் கையைச் சுடுவது கல்லிலிருந்து நேராக வரும் கதிர் மட்டுமில்லை, மேலெழும் காற்றும்தான். செராமிக்கும் அப்படித்தான். வாங்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி மேலே கூரைக்குப் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கதிரும் எல்லாத் திசையிலும் சிதறுகிறது; அதைக் கீழே திருப்பி அனுப்பும் வேலை விளக்கைச் சுற்றி மாட்டும் அலுமினியக் குடைக்கு.

குளிர்நாட்டில் இதில் தப்பே இல்லை. மூடிய பெட்டிக்குள் காற்றும் சூடாக வேண்டும், அதற்காகத்தான் செராமிக்கை வாங்குகிறார்கள். நம் காற்று ஏற்கெனவே 30 டிகிரி.

இரவல் வாங்கிய 100 வாட் செராமிக்கையும் என் 75 வாட் ஹாலோஜனையும் ஒரே குடையில், ஒரே திட்டின் மேல் மாற்றி மாற்றி மாட்டி, துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பார்த்தேன். (கொவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது மனித உடம்புக்கென்றே கணக்குப் போட்டு எண்ணைக் காட்டும்.) ஹாலோஜன் திட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில். ஆமை உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து ஓட்டின் உச்சியில் 34, விளிம்பில் 32. பக்கத்துக் காற்று 30, தண்ணீர் 28. செராமிக்கை அதே உயரத்தில் வைத்தபோது ஓடு 31-ஐத் தாண்டவே இல்லை. 20 சென்டிமீட்டருக்கு இறக்கியதும் உச்சி 39-க்குப் போய்விட்டது, விளிம்பு மட்டும் 32-லேயே நின்றது. குடையைத் தொட முடியவில்லை. சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஒரு டிகிரி கூடியிருந்தது.

உச்சிக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள அந்த வித்தியாசத்தில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஆமையின் ஓடு குவிந்தது. வளர்ந்த டெராப்பினின் முதுகு திட்டிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், ஓட்டின் விளிம்பு 2 சென்டிமீட்டரில். விளக்கு 20 சென்டிமீட்டரில் தொங்கினால் உச்சிக்கு அது 10 சென்டிமீட்டர் தூரம், விளிம்புக்கு 18. தூரத்தின் இருமடிக்குக் கதிர் குறையும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டால், உச்சியில் விழும் சூடு விளிம்பில் விழுவதைப்போல மூன்று மடங்குக்கு மேல். விளக்கை 40-க்கு உயர்த்தினால் அந்த வித்தியாசம் ஒன்றரை மடங்கு சொச்சமாகக் குறையும். ஆக, விளக்கு உயரத்தில் இருக்க வேண்டும், அங்கிருந்தும் போதுமான சூடு கீழே வர வேண்டும். அதைச் செய்ய இழை மிகச் சூடாக இருக்க வேண்டும், அதன் பின்னால் ஒழுங்கான பிரதிபலிப்பான் இருக்க வேண்டும். பார்38 (PAR38) என்ற அகன்ற முகப்புள்ள ஹாலோஜனில் இரண்டும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன. செராமிக்கை உயர்த்தினால் சூடு வருவதில்லை, இறக்கினால் முதுகில் ஒரே இடத்தைச் சுடுகிறது. முதுகு பொரிந்தும் வயிறு குளிர்ந்தும் கிடக்கும் ஆமை இன்னும் சூடு வேண்டுமென்று அங்கேயே உட்கார்ந்திருக்கும். தீக்காயங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

ஹாலோஜன் வாங்கும்போது ‘ஸ்பாட்’ என்று போட்டதைத் தவிர்த்து ‘ஃபிளட்’ என்று போட்டதை எடுங்கள். ஸ்பாட்டின் ஒளி குறுகலாக ஒரே இடத்தில் குவியும், மேலே சொன்ன அதே தொல்லை வேறு வழியாக வந்து சேரும். ஒளிவட்டம் ஆமையின் முழு உடம்பையும் மூட வேண்டும், அதுதான் அளவு.

ஓடு உலர்வதும் இதோடு சேர்ந்ததுதான். ஹாலோஜனுக்கு அடியில் ஓட்டின் மேல் நிற்கும் தண்ணீர் விளிம்புவரை ஒரே சீராகப் பின்வாங்குவதைப் பார்க்கலாம். கறுத்து மினுங்கிய ஓடு கால் மணி நேரத்தில் மங்கலான ஆலிவ் பச்சைக்கு மாறும், தகடுகளின் கோடுகள் தெளிவாகத் தெரியும். செராமிக்கில் உச்சி உலர்ந்த பிறகும் பின்பக்க விளிம்பு ஈரமாகவே இருந்தது. அழுகல் வருவது பெரும்பாலும் அந்த விளிம்புத் தகடுகளின் இடுக்கில்தான்.

வெளிச்சமும் ஒரு விஷயம். டெராப்பினுக்கு வெயில் என்றால் வெளிச்சம், வெளிச்சம் இருக்கும் இடம்தான் சூடு இருக்கும் இடம். ஹாலோஜனைப் போட்டதும் திட்டை நோக்கி நீந்தி வருவாள். கருப்பாகத் தொங்கும் செராமிக்குக்கு அடியில் தற்செயலாக ஏறினால்தான் உண்டு.

ஹாலோஜனுக்கு எதிராகச் சொல்ல எதுவுமில்லையா என்றால், நிறைய இருக்கிறது. கண் கூசும். எங்கள் தொட்டி தொலைக்காட்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வசந்தம் சேனலில் நாடகம் ஓடும்போது, “அந்த வெளக்கக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வையேன்டா” என்று அம்மா சொல்லாத நாள் குறைவு. இப்போது அட்டையில் ஒரு மறைப்பு செய்து வைத்திருக்கிறேன். அப்புறம் ஆயுள். பெட்டியில் 2000 மணி நேரம் என்று போட்டிருக்கும். தினமும் ஒன்பது மணி நேரம் எரித்தால் ஏழு மாதத்தைத் தாண்டும்போதே மாற்று பல்பு கையில் இருக்க வேண்டும். செராமிக் வருடக்கணக்கில் ஓடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பல்பு கிடைப்பது. 2023 இறுதியில் விளக்குகளுக்கான குறைந்தபட்ச மின்சிக்கன விதியைத் தேசிய சுற்றுப்புற வாரியம் கடுமையாக்கியதிலிருந்து வீட்டுக்கான சாதாரண ஹாலோஜன் பல்புகள் கடைகளில் மறைந்துவிட்டன. மின்சாரத்தை வெப்பமாக வீணடிக்கிறது என்பதுதான் அவற்றின் மேல் உள்ள குற்றம். நமக்கோ அந்த வெப்பம்தான் வேண்டும். பாலஸ்டியர் சாலை விளக்குக் கடைகளில் கேட்டால் இருப்பில் உள்ள பார்38-ஐ உள்ளேயிருந்து தேடி எடுத்துத் தருகிறவர்கள் உண்டு. இல்லையென்றால் ஊர்வனவற்றுக்கென்று தயாரிக்கும் நிறுவனங்களின் ஹாலோஜனை இணையத்தில் வாங்க வேண்டும். விலை கூடுதல், உள்ளே இருப்பது அதே இழை. எனக்குக் கிடைத்தபோது சேர்த்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

தண்ணீர் தெறிப்பதைப் பற்றிப் பயம் இருந்தது. டெராப்பின் திட்டிலிருந்து இறங்குவதில்லை, குதிக்கும். சூடான மெல்லிய கண்ணாடியில் ஒரு சொட்டு பட்டாலே வெடித்துவிடும், சாதாரண பல்புகளில் அது நடக்கக்கூடியதுதான். பார்38-இன் முகப்பு தடித்த, அச்சில் வார்த்த போரோசிலிகேட் கண்ணாடி; வீட்டுக்கு வெளியே மாட்டுவதற்கென்றே வருபவையும் உண்டு. 35 சென்டிமீட்டர் உயரத்தில் சொட்டு எப்போதாவதுதான் போய்ச் சேர்கிறது, சீறும் சத்தத்தோடு சரி. ஆனாலும் கீழே ஒரு உலோக வலை போட்டிருக்கிறேன். தொட்டிமேல் கண்ணாடி மூடி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கண்ணாடி ஐஆர்-ஏவை விட்டுவிடும், ஐஆர்-சியைத் தடுத்துத் தானே சூடாகும். செராமிக்குக்கு அடியில் கண்ணாடி மூடி இருந்தால் நீங்கள் சூடாக்குவது மூடியைத்தான்.

மின்கட்டணத்தில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசமில்லை. யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் 75 வாட் ஹாலோஜன் ஒன்பது மணி நேரத்துக்கு மாதம் 6 வெள்ளி, 100 வாட் செராமிக் 8 வெள்ளி. ஆனால் செராமிக்கில் வெளிச்சம் இல்லாததால் அணைக்க மறந்துபோகும். இரவு பகலாக ஓடினால் 21 வெள்ளிக்கு மேல்.

சிவப்பு பல்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘இன்ஃப்ராரெட்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டு விற்பது, சாதாரண டங்ஸ்டன் பல்புக்குச் சிவப்புச் சாயம் பூசியதுதான். சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பாதிக்கு மேல் வெட்டிவிடும், அகச்சிவப்பு கூடுவதில்லை. சிவப்பு வெளிச்சம் ஊர்வனவற்றின் கண்ணுக்குத் தெரியாது, ராத்திரியும் எரியவிடலாம் என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். டெராப்பினின் விழித்திரையை விஞ்ஞானிகள் விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் சிவப்புக்கென்றே கூம்பு செல்கள் உண்டு, நிறங்களை நம்மைவிட நன்றாகவே பிரித்துப் பார்க்கும். ராத்திரி முழுக்கச் சிவப்பாக எரியும் அறையில் அது தூங்குவது எப்படி? பாட்டி முழங்கால் வலிக்கு வைத்திருக்கும் 150 வாட் சிவப்பு விளக்கை எடுத்து மாட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அது வலி இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு அணைப்பதற்கு, தொட்டிமேல் நாள் முழுக்க எரிப்பதற்கு அதன் சூடு அதிகம்.

மெர்க்குரி வேப்பர் பல்பு ஒன்றிலேயே சூடும் புற ஊதாவும் வரும், அதுதான் அதன் கவர்ச்சி. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் போட முடியாது, அணைத்தால் ஆறும்வரை மறுபடி எரியாது, தொட்டியின் அளவுக்கு ஏற்ப ஒன்றைக் குறைத்து ஒன்றைக் கூட்டவும் வழியில்லை. நான் இதை மாட்டிப் பார்க்கவில்லை. பார்த்த வீட்டில் திட்டு 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஹாலோஜனில் யூவிபி (ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிர்) வராது என்பதால் டி5 குழல் விளக்கு தனியாக வேண்டும், அதை ஹாலோஜனுக்குப் பக்கத்திலேயே, அதே திட்டை நோக்கி மாட்ட வேண்டும். குழலை ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எரிந்துகொண்டிருந்தாலும் யூவிபி குறைந்திருக்கும். சன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயிலில் யூவிபி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வெப்பத் தகடும் அடியில் ஒட்டும் வெப்ப விரிப்பும் மூடிய பெட்டிகளுக்கு, அதுவும் பாம்பு வளர்ப்பவர்களுக்கு. நமக்கு வேலையில்லை. எல்இடியில் ‘பாஸ்கிங்’ என்று விற்பதை வாங்க வேண்டாம். வெள்ளை எல்இடியிலிருந்து அகச்சிவப்பு வருவதே இல்லை, அதனால்தானே அது மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது.

எந்த விளக்கானாலும் வயர் சாக்கெட்டுக்கு நேராக இறங்காமல் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறிப் போகட்டும், தண்ணீர் வழிந்தால் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். 2025 ஜூலை முதல் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். பழைய வீவக வீட்டில் இருப்பவர்கள் விளக்கு வாங்குவதற்கு முன் வீட்டின் மின்பெட்டியைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். செராமிக் வாங்குகிறவர்கள் பீங்கான் ஹோல்டரே வாங்க வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும்.

செராமிக் யாருக்குச் சரிப்படும்? இரவு முழுக்க ஏர்கான் ஓடும் படுக்கையறையில்தான் தொட்டி வைக்க இடம் இருக்கிறது என்பவர்களுக்கு. அங்கே காற்று 23, 24-க்கு இறங்கும், தண்ணீரும் மெல்ல மெல்ல அதைத் தொடர்ந்து இறங்கும். வெளிச்சம் இல்லாமல் இரவில் காற்றுக்குச் சூடு கொடுக்க செராமிக் உதவும், தெர்மோஸ்டாட்டோடு. அப்போதும் பகலுக்கு ஹாலோஜன் தனியாக வேண்டும். நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூக்கில் நுரை வைத்து, சாப்பிடாமல் கிடக்கும் ஆமைக்கு விளக்கை மாற்றிப் பயனில்லை, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மலாயாப் பெட்டி ஆமையை நான் வளர்த்ததில்லை. இந்தப் பக்கத்துச் சதுப்புகளிலும் ஓடைகளிலும் நிழலில் வாழும் இனம் அது. டெராப்பின் அளவுக்கு வெயில் காயாது என்பதால் 75 வாட் அதற்கு அதிகமாக இருக்கலாம். வளர்க்கும் நண்பர் ஒருவர் அதே ஹாலோஜனை டிம்மரில் பாதிக்குக் குறைத்து, திட்டின் ஒரு மூலையில் மட்டும் விழும்படி வைத்திருக்கிறார். ஆமை எப்போதாவது வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறதாம்.

கடைசியாக டீப் ஹீட் புரொஜெக்டர். ஆர்காடியா நிறுவனத்தார் இந்தப் பெயரில் விற்கிறார்கள், கார்பன் இழை வைத்து மற்றவர்கள் விற்பவையும் ஏறக்குறைய இதே ரகம். இழையின் சூடு ஹாலோஜனுக்கும் செராமிக்குக்கும் நடுவில் இருப்பதால் வருவது பெரும்பாலும் ஐஆர்-பி, கூடவே கொஞ்சம் ஐஆர்-ஏ. மங்கலாகச் சிவந்து தெரியும், அவ்வளவுதான் வெளிச்சம். டிம்மரில் நன்றாக வேலை செய்யும், ஹாலோஜனைவிட நீண்ட நாள் வரும், விலை பல மடங்கு. ஒரு நண்பரின் வீட்டில் ஒரு சாயங்காலம் வெப்பமானியோடு உட்கார்ந்து பார்த்ததோடு சரி, அதனால் உறுதியாகச் சொல்ல முடிந்தது குறைவு. 80 வாட் விளக்கை 25 சென்டிமீட்டரில் வைத்திருந்தார். ஓட்டில் உச்சிக்கும் விளிம்புக்கும் 3, 4 டிகிரி வித்தியாசம். ஹாலோஜன் அளவுக்குச் சீராக இல்லை, செராமிக்கைவிட எவ்வளவோ மேல். சூடான குமிழின் கண்ணாடி மெல்லியதாகத் தெரிந்தது, தெறிக்கும் தண்ணீரை எவ்வளவு காலம் தாங்கும் என்பதுதான் என் சந்தேகம். அவருடைய ஆமை கூச்சம் அதிகமுள்ளது, கீழே அதிகமாகத் தெறிப்பதும் இல்லை.

பார்38 இந்த ஊரில் கிடைக்காமலே போகும் நாள் வந்தால் நான் அந்தப் பக்கம்தான் போவேன்: டீப் ஹீட் புரொஜெக்டர் ஒன்று, அதற்குப் பக்கத்தில் அதே திட்டின் மேல் விழும்படி நல்ல பிரகாசமான வெள்ளை எல்இடி ஒன்று, யூவிபி குழல் இப்போது இருப்பதே. சூடு ஒன்றிலிருந்தும் வெளிச்சம் இன்னொன்றிலிருந்தும் வரும். மூன்று விளக்குக்கும் ஒரே டைமர் போதும், காலை ஒன்பதுக்குப் போட்டு மாலை ஆறுக்கு அணைத்துவிடலாம். அம்மாவின் நாடகம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்றால் அட்டை மறைப்பும் தேவைப்படாது.